தகடு சேர்த்த வைத்தியர் பற்றி, பெற்றாருக்கு

அன்பான பெற்றாருக்கு வணக்கம்.

போன கிழமை ஒரு அம்மா மகளின் வரலாற்றுக் கொப்பியோடு என் அலுவலக வாசலில் வந்து நின்றார். "சேர், 'மாமாவிட்டயும் பெயர்த் தகடு இருந்ததா' எண்டு ராத்திரி முழுக்கக் கேக்கிறாள். ஏன் சேர் பிள்ளையளுக்கு இதெல்லாம்?" என்றார். பிறகு வேறு சிலரும் தொலைபேசியில் கேட்டீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தரம் 11 இல் முதலாம் உலகப் போர் பாடம் நடக்கிறது. அதில் நோயல் சவாஸ் என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியரைப் பற்றிச் சொன்னது நான்தான். ஆட்களைக் கொன்று பதக்கம் வாங்கிய ஒருவரின் கதையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவர் காயக்காரரைத் தூக்கியவர். 1908 ஒலிம்பிக்கில் தன் இரட்டைச் சகோதரரோடு 400 மீற்றர் ஓடியவர். 1916 ஓகஸ்டில் பிரான்சின் கில்மொன் என்ற இடத்தில் பகல் முழுக்கக் குண்டு மழைக்குள் மருந்து கட்டினார். இரவில் எதிரியின் அரணுக்கு முன்னாலேயே நாலு மணித்தியாலம் காயக்காரரைத் தேடினார். மறுநாள் ஒருவரைச் செல்லடிக்குள் 500 யார் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் அவருக்கும் விலாவில் காயம். உங்களில் சிலர் 2009 இல் எங்கள் கடைசிப் போரில் காயக்காரரைப் பாயிலும் சாரத்திலும் வைத்துப் புதுமாத்தளனுக்குத் தூக்கியவர்கள். 500 யார் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்றிரவும் போனார். எதிரியின் பதுங்குகுழிக்கு 25 யார் கிட்ட, செல் விழுந்த கிடங்கில் கிடந்த மூவரை மீட்டார். அதோடு இறந்தவர்களின் அடையாளத் தகடுகளையும், அதாவது படையினர் உடம்பில் அணியும் பெயர்த் தகடுகளையும், தேடி எடுத்து வந்தார். செத்தவனுக்கு இனி வைத்தியம் இல்லை. ஆனாலும் அந்த இருட்டில் ஒரு வைத்தியர் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு தாய்க்குத் தகவல் போகவேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்ட இடமும் அதுதான்.

காயக்காரரை மீட்டதற்காக பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அடுத்த வருடம் பெல்ஜியத்தில், காயப்பட்ட பிறகும் இரண்டு நாள் இடத்தை விட்டு அசையாமல் வேலை செய்து, 1917 ஓகஸ்ட் 4 இல் இறந்தார். வயது 32. இரண்டாவது சிலுவை இறந்த பிறகு வந்தது. ஒரே போரில் இரண்டையும் பெற்றவர்கள் அவருக்கு முன் யாரும் இல்லை. அவர் இறப்பதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர் அவருடைய கடைசித் தம்பி எய்டன் அதே போரில் காணாமற்போனார். உடல் கிடைக்கவேயில்லை. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரின் மெனின் வாயில் என்ற போர் நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாத 54,000 இற்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு எய்டனின் பெயரும் இருக்கிறது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருக்கத் தொடங்கிய அம்மாமாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டது என் பிழை. அந்த அம்மாவிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தப் பாடத்துக்குக் கட்டுரை எழுதச் சொல்லி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தமாட்டோம். வீட்டில் இதைப் பேசவேண்டாம் என்று நினைப்பவர்கள் கொப்பியில் ஒரு வரி எழுதி விடுங்கள், போதும். பேச விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். வரமுடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லிவிட்டால் நான் வீட்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
அதிபர்