ஆத்தங்குடிப் பிள்ளைக்கும் ஒரு கதைப்புத்தகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்காக 4 படக்கதைப் புத்தகங்கள் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறோம். கதைகள் எழுதி முடிந்துவிட்டன. ஓவியமும் அச்சும் பாக்கி. அதற்குத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

செட்டிநாடு என்றதும் பெரிய வீட்டையும் சாப்பாட்டையும் காட்டிவிட்டு முடித்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர், நிலைக்கதவைச் செதுக்கிய ஆசாரி, பனையோலைக் கூடையான கொட்டானை முடைகிற ஆத்தா, இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த மண்ணின் பிள்ளைகள்தானே? கதைப்புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் முகமும் அதில் இருக்க வேண்டும்.

முதல் கதையின் நாயகி, ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர் மகள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சாயம் கலந்த சிமெண்டுக் கூழை ஊற்றி, அலுங்காமல் அச்சைத் தூக்குகிறார் அப்பா. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவை வைத்து மட்டம் செய்கிறார். சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ தெரியும். கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பக்கத்தைப் புரட்டியதும் பூ தெரிய வேண்டும் என்று ஓவியரிடம் சொல்லியிருக்கிறோம். இதைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து என்ன பயன்? செலவு கூடுவது அதனால்தான்.

இன்னொரு கதை பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், 21 நூல் சேர்த்த திரியை, வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவான இழைமாவில் வைத்துக் கொளுத்தி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இரவு அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளரும் பேரப்பிள்ளைகள் "ஏன் ஆயா இப்படி?" என்று கேட்டால், கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டும். மற்ற இரண்டும் கொட்டானையும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையையும் பற்றியவை. கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கதை இப்போதுதான் வருகிறது.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது நம் இராயவரத்தில். வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதியவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றவர். கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. இப்படிப்பட்ட மண்ணில் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட ஆளில்லை என்ற பேச்சு வரக் கூடாது.

ஒவ்வொரு நூலிலும் 1,000 படிகள் அச்சிட, ஓவியச் செலவும் சேர்த்து 6 லட்சம் ரூபாய் ஆகும். 3,000 ரூபாய் கொடுத்தால் ஓர் அரசுப் பள்ளிக்கு 20 புத்தகங்கள் போய்ச் சேரும். 150 ரூபாய் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம். முடிந்ததைத் தாருங்கள், தயங்க வேண்டாம். பழைய குடும்பப் படங்கள் வைத்திருப்பவர்களும், தறி வேலையை ஓவியருக்கு அருகிலிருந்து காட்டக்கூடியவர்களும் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள்.

நன்கொடையைப் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்பிவைப்போம். தை மாதத்துக்குள் பணம் சேர்ந்தால் கோடை விடுமுறைக்குள் புத்தகம் வந்துவிடும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்,
காரைக்குடி