மட்கார்டு வேலை அவ்வளவு லேசு இல்லங்க ஐயா

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அகல வீல் மாட்டுறதப் பத்தி எழுதிருந்தீங்க. அதுல "டயர் உரசினா மட்கார்டு ஓரத்த உள்பக்கமா தட்டி மடக்கினாப் போதும், உள்ளூர் டிங்கரே பண்ணிருவார்"னு ஒரு வரி. காரைக்குடில அப்பா காலத்துல இருந்து பட்டறை வச்சிருக்கேன், அந்த உள்ளூர் டிங்கர் நான்தான். அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் கையில வச்சுக்கிட்டு ஒரு தம்பி ஸ்விஃப்டோட வந்து "அண்ணே சின்ன வேலைதானே, புக்லயே போட்டிருக்காக, எதுக்கு இவ்வளவு கேக்குறீக"ன்னு சண்டைக்கே வந்துட்டார்.

முன் மட்கார்டு ஒத்தத் தகடு, போல்ட்டக் கழட்டினா தனியா வந்துரும், கெட்டா மாத்திக்கலாம். பின்னாடி அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே? வெளித்தகடும் உள்தகடும் சேர்த்து ஸ்பாட் வெல்டு அடிச்ச இடம் அது, நடுவுல சீலர் போட்டிருக்கும், சுத்தியல்ல தட்டினா பெயிண்ட் வெடிச்சு சீலர் விட்டுப் போயி ஐப்பசி மழைத்தண்ணி உள்ள எறங்கிரும், அப்புறம் துரு உள்ள இருந்தே தின்னுக்கிட்டு வந்து வெளிய தெரியுறப்ப தகடு ஓட்டையாத்தான் இருக்கும். அந்த வேலைக்குன்னே ரோலர் இருக்குங்க. வீலக் கழட்டி ரோலர ஹப்ல, அதாவது வீல் மாட்டுற இடத்துல மாட்டி, ஹீட் கன்ல பெயிண்ட சூடு காட்டிக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா மடக்கி, முடிச்சதும் திரும்ப சீலர் அடிக்கணும்.

ஆஃப்செட் பத்தி ஒரு வார்த்த எழுதல. ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது ஹப்ல ஒட்டி உக்கார்ற முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட், மி.மீ. கணக்குல சொல்லுவாங்க. 6 இஞ்ச் அகல ரிம்ம 7 ஆக்கினா, ஆஃப்செட் மாறாட்டியும் பக்கத்துக்கு 12.7 மி.மீ. கூடும், அதோட ஆஃப்செட்ட 45ல இருந்து 35க்கு எறக்கினா இன்னொரு 10 மி.மீ. வெளிய தள்ளும், வீல் பேரிங்குக்கும் பாரம் ஏறும். வெறும் வண்டியா ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. குடும்பத்தோட பிள்ளையார்பட்டிக்குப் போறப்பதான் ஒவ்வொரு பள்ளத்துலயும் டயர் உரசும். ஆட்கள ஏத்தி, ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாக்காம நான் எந்த வண்டியையும் வெளிய விட்டதில்ல. மட்கார்ட அறுத்து அகலப்படுத்துறது வேற கதை. ஆர்.சி.ல உள்ளதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருச்சு. அதப் படிக்கிறவங்ககிட்ட சொல்ல வேண்டாமா?

செட்டிநாடுன்னா உங்களுக்குக் கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடிக் கல்லு, ஆச்சி வீட்டுச் சமையல், இதுதான் வருசா வருசம் வருது. நீங்க போட்டோ போட்ட பழைய அம்பாசடர்ல மட்கார்டு ஓரம் முழுக்க எங்க அப்பா கையால தகடு அடிச்சு ஒட்டினது, "நேத்து ஷோரூம்ல எடுத்த மாதிரி"ன்னு எழுதிட்டு வண்டி வச்சிருக்கவக பேர மட்டும் போட்டீங்க. அதுக்கு எழுதின கடுதாசி இன்னும் உங்க ஆபீஸ்ல எங்கயாச்சும் கிடக்கும். சின்ன ஊரு பட்டறைல பில்லு தர மாட்டாங்க, ஏமாத்துவாங்கன்னு ஒரு கட்டுரை போட்டீங்க, அதுக்கு எழுதினதும் வரல. சின்ன வயசுலேருந்து உங்க பத்திரிகைய காசு குடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான், மனசு வலிக்குதுங்க.

அடுத்த இதழ்ல ஒரு மூலையில, பின் மட்கார்ட சுத்தியல்ல தட்டாதீங்க, ரிம் வாங்குறதுக்கு முன்ன ஆஃப்செட்டப் பாருங்கன்னு ரெண்டு வரி போட்டுருங்க. என் பேரு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டிங்கர், காரைக்குடி