அண்ணே, புள்ளைய செஸ்ல இருந்து நிறுத்தாதீங்க

அன்புள்ள அண்ணனுக்கு,

கோல் எடுத்து பேசுனா "சரி மாஸ்டர் பாப்போம்"னு சொல்லிட்டு வச்சிருவீங்க, அதான் எழுதுறேன். ஹட்டன், டிக்கோயா பக்கம் வேற அப்பா அம்மாமாரும் இதே கேள்விய கேக்குறதால எல்லாரும் வாசிக்கட்டும்னு பொதுவாவே போடுறேன். புள்ளையோட பேர போடல, கோவிச்சிக்காதீங்க.

நீங்க அனுப்புன ஸ்க்ரீன்ஷொட்ட பாத்தேன். 1560ல இருந்த ரேட்டிங் (ஆடுறவங்க பலத்த காட்டுற புள்ளி) 1470க்கு வந்துருச்சு, ஒரே டோர்னமெண்ட்ல 90 போயிருச்சு, இனி கொழும்புக்கு காசு செலவழிச்சு என்ன பிரயோசனம், பேசாம படிக்கட்டும்னு எழுதி இருந்தீங்க. அண்ணே, அந்த 1560 எப்படி வந்துச்சுனு ஞாபகம் இருக்கா? 2024 மார்ச் 1ஆம் திகதி ஃபிடே, அதான் ஒலக செஸ் சங்கம், ஒலகம் பூரா 2000க்கு கீழ இருந்த எல்லாருக்கும் ரேட்டிங்க ஒரே தடவையில தூக்கி விட்டாங்க. 2000ல இருந்து பழைய ரேட்டிங்க கழிச்சு, வர்றதுல நூத்துக்கு 40 பங்க கூட்டுறது, அதுதான் கணக்கு. நம்ம புள்ளைக்கு 1267 இருந்துச்சு, 293 கூடி 1560 ஆச்சு. ஒரு காய கூட நகத்தாம வந்த புள்ளிக்கு நீங்க லயத்துல, நம்ம தோட்ட வீட்டு வரிசையில, கேக் வெட்டி எல்லாருக்கும் குடுத்தீங்க, எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப ஏறுனது அவ கெட்டித்தனம்னா இப்ப எறங்குனது அவ குத்தமாத்தான் தெரியும். ரெண்டுமே அப்படி இல்ல.

எறங்குன கணக்கையும் சொல்றேன். ஆறு கேம்ல ரெண்டு பேருக்கு ரேட்டிங்கே இல்ல, அது சேராது. மிச்சம் நாலு பேரும் 1420 கிட்ட உள்ள புள்ளைங்க. 140 புள்ளி கூட இருக்குறவ நூத்துக்கு 69 பங்கு புள்ளி எடுக்கணும்னு ஃபிடேயோட டேபிள் எதிர்பாக்குது, அதனால ஒரு கேம் தோத்தா 27, 28 புள்ளி போவும். மூணு தோல்வி, ஒரு ட்ரா, அவ்வளவுதான் அந்த 90. 18 வயசுக்கு கீழ, 2300க்கும் கீழ உள்ள புள்ளைங்களுக்கு கே ஃபெக்டர், அதாவது ரேட்டிங் கூடுறதையும் கொறையிறதையும் பெருக்குற எண், 40, அதான் இப்படி ஊஞ்சல் மாதிரி ஆடுது. இதே ரிசல்ட்ட 30 கேமுக்கு மேல ஆடுன ஒரு பெரிய ஆள் எடுத்திருந்தா 20 வச்சுத்தான் கணக்கு, பாதிதான் போயிருக்கும், 2400 தொட்டவங்களுக்கு வெறும் 10. ஆனா இதே 40தான் ஏறும்போதும் ஒதவும், ஒரு 1700 புள்ளைய அடிச்சிருந்தா கிட்டத்தட்ட 28 கூடி இருக்கும்.

இன்னொன்னு. மார்ச்சுல இருந்து நவம்பர் வரைக்கும் அவ ஒரு ரேட்டட் கேம் கூட ஆடல. நம்ம பக்கம் அப்படி டோர்னமெண்ட் வர்றதே குறைவு, வந்தாலும் கொழும்பு, கண்டினு போகணும். தேயிலை தோட்டத்துல அடிப்படை நாட்சம்பளம் 2024லதான் 1350 ரூபா ஆச்சு, என்ட்ரி ஃபீஸ், பஸ், சாப்பாடுனு பாத்தா அண்ணி மழையில நின்னு கொழுந்து பறிச்ச நாலஞ்சு நாள் சம்பளம் ஒரு வீக்கெண்ட்ல போயிரும், அது தெரியாம நான் பேசல. குகேஷோட அப்பா டொக்டர் வேலைய விட்டுட்டு மகன் கூட ஊர் ஊரா போனாரு, அதெல்லாம் நம்மளால ஏலாது, ஏலாததுக்கு வெக்கப்படவும் வேண்டாம். ஆனா கேம் கொறைஞ்சா ரேட்டிங் பழசாத்தான் கெடக்கும். தோட்டத்து கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதுறது அன்னைக்கு பறிச்ச கொழுந்த, செடியில இன்னும் எவ்வளவு இருக்குனு அந்த தராசுக்கு தெரியாது.

ரேங்க் ரேங்க்னு சொல்றீங்களே, 2024ல பெரிய எடத்துல நடந்தத பாருங்க. ஃபிடேயோட டிசம்பர் ரேட்டிங் லிஸ்ட்ல கார்ல்சன் 2831, கருவானா 2805, நகமுரா 2802, அர்ஜுன் எரிகைசி 2801, அதுக்கு கீழ அஞ்சாவதாத்தான் குகேஷ், 2783. அந்த அஞ்சாவது ஆளுதான் 12ஆம் திகதி சிங்கப்பூர்ல 18 வயசுல ஒலக சாம்பியன் ஆனாரு. எதிர்ல ஆடுன டிங் லிரன் 2728, மாசக்கணக்கா ஒரு கிளாசிக்கல் கேம் (மணிக்கணக்கா யோசிச்சு ஆடுறது) ஜெயிக்கல, ஒன்லைன்ல எல்லாரும் அவர அடக்கம் பண்ணியே முடிச்சிட்டாங்க, மனுஷன் மொத கேம்லயே கருப்பு காய் வச்சு குகேஷ அடிச்சாரு! 14ஆவது கேம்ல 55ஆவது மூவ்ல ரூக்க தப்பான கட்டத்துல வச்சாரு பாருங்க, அது வரைக்கும் யாருக்குனு சொல்ல முடியல. 7.5க்கு 6.5. சும்மா சொல்லக்கூடாது, 55 புள்ளி வித்தியாசத்துக்கு அந்த டேபிள் சொல்றதும் நூத்துக்கு 58தான், அப்ப ரேட்டிங் சரியாத்தான் சொல்லி இருக்கு, ஆளுங்கதான் அத பெருசா வாசிச்சிட்டாங்க.

அத விட எனக்கு புடிச்சது வைஷாலி. ஒலக சாம்பியன் கூட ஆடப்போறவங்கள தெரிவு செய்ற டொரோண்டோ பெண்கள் கேண்டிடேட்ஸ்ல வரிசையா நாலு கேம் தோத்தாங்க, ஒம்பது ரவுண்ட் முடியும்போது 2.5தான், கடைசி எடத்துல கெடந்த புள்ள மிச்சம் அஞ்சையும் ஜெயிச்சு ரெண்டாவது எடத்த பங்கு போட்டாங்க. நாலாவது தோல்வி அன்னைக்கு யாரும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வீட்டுக்கு கூப்பிடல. கொனேரு ஹம்பியும் 2024 டிசம்பர்ல நியூயோர்க்ல நடந்த ஒலக ரேபிட் (வேகமா ஆடுற) போட்டியில மொத ரவுண்ட் தோத்துட்டுத்தான் சாம்பியன் ஆனாங்க. புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாட்ல இந்தியா ரெண்டு தங்கம் எடுத்த கதை ஒங்களுக்கே தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவ ஸ்கோர்ஷீட் எல்லாத்தையும் பாத்தேன். மூணு தோல்வியில ரெண்டு மொத நாள் காலையில ஆடுனது, ராத்திரி பஸ்ல வந்து தூங்காம நேரா போர்ட்ல ஒக்காந்தது. ரெண்டுலயும் 20 மூவ் வரைக்கும் நல்ல பொசிஷன், அப்புறம் ஒன்ல ஒரு குதிரைய சும்மா குடுத்தா, மத்ததுல மேட்ட கவனிக்கல. ஓபனிங் தெரியாம தோக்கல. ரெண்டாவது நாள் ஆடுன ஒரு எண்ட்கேம் இருக்கு, அவ ட்ரா எடுத்த விதத்த நான் கிளாஸ்ல மத்த புள்ளைங்களுக்கு போட்டு காட்டிட்டேன்.

அதனால அடுத்த தடவ போட்டிக்கு முந்தின நாள் பகல் ட்ரெயின்லயே போவோம். கொழும்புக்கு பக்கத்துல வத்தளையில ஒங்க தங்கச்சி வீட்டுல ராத்திரி தங்க ஏலுமானு மட்டும் கேட்டு சொல்லுங்க. என் மகளும் வர்றா, ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டு போறேன், அண்ணி லீவு போட தேவையில்ல. தூரமா போறது வருஷத்துக்கு மூணு ரேட்டட் டோர்னமெண்ட் போதும், எதெதுனு நான் பாத்து சொல்றேன், ஸ்கூல் எக்ஸாம் வர்ற மாசத்துல ஒன்னும் வேண்டாம். பர்த் சர்டிபிகேட் கொப்பிய வாட்ஸ்அப்ல போடுங்க, போன தடவ அனுப்புனது மங்கலா இருந்துச்சு.

இப்படிக்கு,
சனிக்கிழமை கிளாஸ் மாஸ்டர்