இலையான் புழு என்று முகம் சுளிக்காமல் ஆராயுங்கள்

மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதியும் பணமும் வழங்கும் பெரியோருக்கு,

வணக்கம். மணல் ஈ கடித்துத் தோலில் புண்ணாகும் லீஷ்மேனியா நோய்க்கு இலையான் புழுவின் சுரப்பை ஆராயச் சொல்லி எழுதுகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை என் தம்பி அந்த நோய்க்கான ஊசி போடாமலே வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தான். தொடர்ந்து இரண்டாவது கிழமை. "மருந்து முடிஞ்சுது, அடுத்த கிழமை வாங்கோ" என்று துண்டில் திகதியை வெட்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்குள்ள மிஸ்ஸிமார் மீது எனக்குக் கோபமில்லை. இல்லாத மருந்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

லீஷ்மேனியா நோயின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1992இல் உள்ளூரிலேயே தொற்றிய முதல் ஆளைக் கண்டது, 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது, 2018இல் ஒரே ஆண்டில் மூவாயிரம் பேரைத் தாண்டியது எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கும். கோப்பில் இல்லாததைச் சொல்கிறேன்.

தம்பிக்குப் புண் இடது கன்னத்தில். அனுராதபுரப் பக்கம் குளக்கட்டு வேலைக்குப் போன இடத்தில் மணல் ஈ கடித்திருக்கிறது. முதலில் நுளம்புக் கடி போல ஒரு சின்னப் பரு. நோவு இல்லை, சொறிவு இல்லை. அதனாலேயே மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டான். இப்போது ஐந்து ரூபாய்க் குற்றியளவு, நடுவில் பொருக்கு. இந்த ஊசியைக் கையில் போட்டு அனுப்புவதில்லை. புண்ணின் விளிம்பிலேயே, சுற்றிவர, தோல் வெளுக்கும்வரை மருந்தை ஏற்றுவார்கள். முப்பத்தொரு வயதுப் பெடியன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கிடப்பான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இடையில் இரண்டு கிழமை விட்டுப்போனதால், இதுவரை பட்ட நோவெல்லாம் வீணாகிவிடுமோ என்று இப்போது பயந்துகொண்டிருக்கிறோம். அன்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய் நின்றார். குஷ்டம் என்று நினைத்திருப்பார். இது ஆளுக்கு ஆள் தொற்றாது என்று ஓடும் பஸ்ஸில் யாருக்கு விளக்குவது?

அந்த ஊசி அந்திமனி என்ற உலோகத்தில் செய்வது. 1920களில் கல்கத்தாவில் டொக்டர் பிரம்மச்சாரி, லீஷ்மேனியா ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும் காலா அசார் நோய்க்குக் கொடுத்ததும் அந்திமனி மருந்துதான். நூறு வருடமாகியும் எங்கள் கதி அதுவேதான்.

போன மாதம் ஒரு பொதுக்கூட்டத்தில் உங்களில் ஒருவரிடம் எழுந்து நின்று கேட்டேன்: இலையான் புழுவின் சுரப்பை இந்த நோய்க்குப் பரீட்சித்துப் பார்க்கலாமே? "சீ, புழுவோ?" என்று சிரித்தார். மேடை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் தம்பி முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தான்.

உயிருள்ள புழுவைக் கன்னத்தில் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. பச்சை இலையானின் புழுக்களைக் கிருமியில்லாமல் வளர்த்து, அவை வெளிவிடும் சுரப்பைச் சுத்தமான நீரில் எடுத்து வடிகட்டிய திரவத்தைத்தான் சொல்கிறேன். லீஷ்மேனியா ஒட்டுண்ணி எங்கள் உடலைக் காக்கும் கலங்களுக்குள்ளேயே புகுந்து ஒளித்துக்கொள்வது. அதன் மீது இந்தச் சுரப்பு வேலை செய்வதைத் துருக்கி, ஈரான், கொலம்பியா ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். புழு வைத்தியமும் புதிதல்ல. முதலாம் உலகப் போரில் புழுப் பிடித்த காயத்தோடு நாட்கணக்கில் கிடந்த சிப்பாய்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாததைக் கண்ட அமெரிக்க வைத்தியர் வில்லியம் பேயர், பின்னர் எலும்பில் சீழ் பிடித்த பிள்ளைகளின் காயத்தில் புழு விட்டு வைத்தியம் செய்தார். 2004இல் அமெரிக்க அரசே காயங்களுக்கு அனுமதித்தது. மலேசியாவில் சீனி வருத்தக்காரரின் கால் புண்ணுக்குப் பயன்படுத்தும் லூசீலியா குப்ரினா என்ற இலையான் இலங்கையிலும் பறக்கிறது.

ஆனால் அந்த நாடுகளில் சோதித்தவை வேறு இன ஒட்டுண்ணிகள். எங்களுக்கு வருவது டொனோவானி. மற்ற நாடுகளில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும் அந்த இனம் இங்கே தோலைத் தாக்குகிறது. எங்கள் ஒட்டுண்ணியை எங்களுக்காக வேறு எவர் ஆராயப் போகிறார்கள்? ஆகவே கேட்கிறேன்: முறையான ஆய்வை இங்கே தொடங்குங்கள். ஏற்கெனவே எவராவது தொடங்கியிருந்தால் அவர்களுக்குக் காசு கொடுங்கள்.

இந்த நோய் வயலிலும் காட்டோரத்திலும் குளக்கட்டிலும் நிற்கிறவனுக்குத்தான் அதிகம் வருகிறது. கொழும்பில் கூட்டம் போடுகிற எவருக்கும் கன்னத்தில் வந்திருந்தால் இந்தக் கேள்விக்குச் சிரிப்பு பதிலாக வந்திராது. ஊசி முடிந்தால் முடிந்ததுதான் என்று விடுவது யாரைப் பார்த்து? கூலி நாளை விட்டுவிட்டு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவனைப் பார்த்துத்தானே?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். நாளைக்கே புழு மருந்து தரச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்ததெல்லாம் மனிதரில் வேலை செய்யாது என்பது எனக்கும் தெரியும். செய்து பார்த்துவிட்டு "சரிவராது" என்றால் ஏற்றுக்கொள்வேன். பார்க்காமலே சிரித்ததைத்தான் ஏற்க முடியவில்லை. தயவுசெய்து ஆய்வைத் தொடங்குங்கள், அதுவரைக்கும் ஊசிக்குத் தட்டுப்பாடு வராமல் பாருங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். வருகிற செவ்வாயும் காலை ஆறு மணிக்கு நானும் தம்பியும் அதே வாங்கில் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா
வெள்ளவத்தை, கொழும்பு 6