கடைசிப் பதிவுக்கு ஒன்றாம் எண்

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கோயில் நோட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஐம்பதுகளிலிருந்து எழுபதுகளின் நடுவரை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஒவ்வொரு வீடும் கொடுத்த வசூல் கணக்கு முழுவதையும் எக்செலில் ஏற்றியாயிற்று. தேதி, வீட்டுக்காரர் பெயர், தகப்பன் பெயர், லயம் (தோட்டத்து வீட்டு வரிசை), தொகை, எல்லாம் இருக்கிறது. எனக்கு இதிலிருந்து முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 1969இல் யார் யார் இந்தியாவுக்குப் போனார்கள்? 1968இல் மலேசியாவில் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்றானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பால் மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின. உன் பெரிய மாமா வீட்டார் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறியதும் அப்போதுதானே. அவர்கள் பெயரை எழுதி வைத்த இடம் வேறு எங்கே இருக்கிறது, சொல்? இந்த நோட்டில்தான் இருக்கிறது.

கோயில் கமிட்டியில் ஒரு தம்பி, "1969ஐ மட்டும் வடிகட்டி எடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடைசிப் பதிவை எடுத்துக்கொள்ளலாமே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1975 வரை இங்கேயே இருந்து காசு கொடுத்த குடும்பமும் போனவர்கள் பட்டியலில் ஏறிவிடும். 1969ஐ மட்டும் வைத்துக்கொண்டால் அந்த வருஷத்தில் எல்லாருக்கும் ஒரு கடைசி இருக்கத்தானே செய்யும். அதனால் முழு நோட்டுக்கும் முதலில் எண் போட வேண்டும். குடும்பவாரியாகப் பிரித்து, தேதியைப் பின்னாலிருந்து அடுக்கி, கடைசிப் பதிவுக்கு 1, அதற்கு முந்தியதற்கு 2 என்று போக வேண்டும். அப்புறம்தான் வடிகட்டல்: எண் 1, வருஷம் 1969.

நீ எஸ்கியூஎல்லில் (SQL, தரவுத்தளத்தில் கேள்வி கேட்கும் மொழி) செய்து பார்ப்பதாக எழுதியிருந்தாய். அங்கேயும் இதே கதைதான். 'ரோ நம்பர்' (ROW_NUMBER) வரிசை எண் போடுவதற்கு முன்பே, வடிகட்டும் 'வேர்' (WHERE) நிபந்தனை வேலையை முடித்துவிடும். எண் போடுவதை உள்ளே ஒரு கேள்வியாக வைத்து, வருஷ நிபந்தனையை வெளியே போடு. பிரிக்கும் 'பார்ட்டிஷன் பை'யில் (PARTITION BY) நான் கொடுத்திருக்கும் குடும்ப எண், அடுக்கும் 'ஆர்டர் பை'யில் (ORDER BY) தேதி இறங்கு வரிசை.

பெயரை வைத்துப் பிரிக்காதே. தோட்டத்தில் எத்தனை மாரிமுத்து, எத்தனை முனியாண்டி! தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் போதாது. பெரியவர் இறந்த பிறகு மகன் பெயரில் கணக்குத் தொடர்கிறது. கணினிக்கு அது புதுக் குடும்பம், பெரியவர் கப்பல் ஏறியவர். லயத்தையும் பக்கத்து வீட்டுப் பதிவுகளையும் பார்த்துப் பார்த்துத்தான் குடும்ப எண் கொடுத்திருக்கிறேன். இந்த வேலையை எந்தச் சூத்திரமும் செய்து தராது.

ஒரே நாளில் இரண்டு பதிவுகள் வரும் இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். திருவிழா வரி ஒன்று, கூழ் ஊற்ற ஒன்று என்று ஒரு வீடு கடைசி நாளில் இரண்டு முறை கொடுத்திருக்கிறது என்று வை. எக்செலில் நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை எண்ணும் கவுண்டிஃப்ஸ் (COUNTIFS) வைத்து 'இதே குடும்பம், இந்தத் தேதியோ அதற்குப் பிந்தியதோ' என்று எண்ணினால் இரண்டுக்கும் 2 விழும். 1 யாருக்கும் இல்லை. எண் 1ஐ வடிகட்டும்போது அந்தக் குடும்பமே காணாமல் போய்விடும்! அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் நோட்டில் இருக்கும் வரிசைப்படி ஒரு தொடர் எண் கொடுத்திருக்கிறேன். பிந்திய தேதிப் பதிவுகளை ஒரு கவுண்டிஃப்ஸ் எண்ணும், அதே தேதியில் பெரிய தொடர் எண் உள்ளவற்றை இன்னொன்று எண்ணும், இரண்டையும் கூட்டி, அதோடு 1ஐயும் கூட்ட வேண்டும். எஸ்கியூஎல்லில் 'ஆர்டர் பை'யில் தேதிக்குப் பின்னால் தொடர் எண்ணையும் இறங்கு வரிசையில் போட்டால் போதும்.

தேதியையும் பார்த்துக்கொள். நோட்டில் 5-8-69 என்று இருப்பது ஆகஸ்ட் 5. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 8 ஆக்கிவிடும். 25-8-69ஐத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அடையாளம். நான் நாள், மாதம், வருஷம் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் தட்டி, பிறகு சேர்த்திருக்கிறேன்.

இத்தனை செய்தாலும், 1969இல் பதிவு நின்றதால் அந்தக் குடும்பம் இந்தியாவில் உள்ள ஊருக்குத்தான் போனது என்று எழுதிவிட முடியாது. வேறு தோட்டத்துக்கு மாறியிருக்கலாம், டவுனுக்குப் போயிருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர்கள் மனிதர்கள்தான். அதனால்தான் உன்னிடம் ஓர் உதவி. பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன். கிள்ளானில் இருக்கும் உன் அத்தையிடம் பொறுமையாக வாசித்துக் காட்டு. கடைசி லயத்துக்காரர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். யார் எங்கே போனார்கள் என்று அவர் சொல்வதை அப்படியே பெயருக்கு எதிரே எழுதிவிடு. ஞாபகம் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடு, ஊகித்து எழுத வேண்டாம். அவருக்கு உடம்பு முடியாத நாளில் தொந்தரவு செய்யாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்