அம்மாவுக்குப் பவளம் காட்டியவர்களுக்கு நன்றி

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 38 வருடம் கொழுந்து எடுத்தவர் என் அம்மா. கடலை டிவியில்தான் பார்த்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக்குப் போய், புறாத்தீவில் பவளப்பாறையையே பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

வேன் பிடித்து, அம்மாவுக்கு முன் சீட்டை ஒதுக்கிய எங்கள் தோட்டத்துத் தம்பிமாருக்கு முதல் நன்றி. விடியற்காலையில் கந்தளாய்க்குக் கிட்ட ரேடியேட்டர் குழாய் வெடித்து நின்றோம். தூக்கத்திலிருந்து எழுந்துவந்து கடையைத் திறந்த மெக்கானிக் நானா குழாயின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் அங்கிருந்தே திரும்பியிருப்போம்.

படகோட்டி அண்ணா, உங்களுக்கு என்ன சொல்வது? கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர்தான், ஆனாலும் அம்மா என் கையை விடவேயில்லை. பவளம் உயிருள்ளது, மிதிக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னீர்கள். அப்புறம் மணல் உள்ள இடமாகப் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் அவரை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக் குனியவைத்தீர்கள். நிமிர்ந்ததும் அம்மா சொன்னது: "தம்பி, கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரியே இருக்குய்யா!" கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது. மான்கொம்புப் பவளத்தை அதைவிடச் சரியாக யாரால் சொல்ல முடியும்? கிளிமீன்கள் பாறையைச் சுரண்டித் தின்பதையும், செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று ஒதுங்கிப் போவதையும் காட்டினீர்கள். திரும்பும்போது, கடல் சூடானால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும், சோறும் நிறமும் கொடுப்பது அந்தப் பாசிதான், அது போனால் வெளுத்துப் பட்டினி கிடக்கும் என்றீர்கள். 1998இல் தெற்குக் கரையில் அப்படி நிறையப் பவளம் செத்ததைக் கேட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளை அம்மா முந்தானையில் முடிந்துவிட்டார். வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் அதட்டவில்லை. "அம்மே" என்று கூப்பிட்டு, 2003இலிருந்து இது தேசியப் பூங்கா, செத்த துண்டைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். அம்மா ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கும்வரை காத்தும் நின்றார். அந்த மரியாதைக்கு நன்றி ஐயா.

கிணற்றடியில் அம்மாவைக் குளிக்கவிட்டு, மீன் குழம்போடு சோறு போட்ட நிலாவெளி அக்காவுக்கும் நன்றி.

படகோட்டி அண்ணா, அம்மா உங்களுக்கென்று ஒரு கிலோ தேயிலைத் தூள் கட்டி வைத்திருக்கிறார். அடுத்த மாதம் திருகோணமலைக்கு வரும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறோம்.