தம்பிக்கு: பாசி வரும் நாளில் தூண்டில்

அன்புள்ள தம்பிக்கு,

பாசி வந்தால் தூண்டிலை என்ன செய்வது என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். இத்தனை நாள் கழித்து வந்த வரி. படத்தையும் பார்த்தோம். இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று எடுத்திருக்கிறாய். கரையில் ஒரு தூண்டில் ராடு, ஒரே ஒரு நாற்காலி. உங்கள் ஊரில் அது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று அம்மா கணக்குப் போட்டாள். லீவு எடுத்திருப்பான் என்றேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பாசி கட்டக்கோரை என்றாள், நீங்கள் சர்காசம் என்பது. அதே இனம்தான், குணம் வேறு. மண்டபத்துக் கட்டக்கோரை கல்லைப் பற்றி வளர்வது. புளோரிடாவுக்கு வருவது எதையும் பற்றாது, வாழ்நாள் முழுக்க மிதந்தே வளரும். 2011இலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை தொட்டு மெக்சிகோ வளைகுடா வரைக்கும் பட்டையாகப் படர்கிறது. கோடை முழுக்க உனக்கு இந்தத் தொல்லை உண்டு. உன் கரை கிழக்கே பார்த்த கரை. கொண்டல் அடித்தால் பாசி ஏறும், கச்சான் அடித்தால் விலகும். முதல் நாள் இரவே காற்றைப் பார்த்துவிட்டு வண்டியை எடு.

கரைக்குப் போனதும் ராடை விரிக்காதே. பாசி மேலே மிதக்கிறதா, அடியில் உருளுகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார். புதிதாக வந்தது மிதக்கும். அலையில் அரைபட்டுக் காற்றுப்பை உடைந்தது அமிழ்ந்து, கலங்கல் தண்ணீரோடு அடியில் உருளும். ஒன்றுக்குச் செய்கிற வேலை மற்றதற்கு ஆகாது. இதைப் பார்க்காமல்தான் பலரும் நரம்பில் கட்டுகிற ஈயத்தின் எடையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

மிதக்கிற பாசி என்றால், தண்ணீர் மேல் கிடக்கிற தூண்டில் நரம்பைக் குறைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் பிவிசி குழாயை அலை வந்து தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நட்டு, அதற்குள் 12 அடி ராடை நிமிர்த்தி வை. முதல் அலை உடைகிற இடத்தை நரம்பு மேலாகவே தாண்டட்டும். எட்டி வீசாதே. கரைக்கும் முதல் மணல் திட்டுக்கும் நடுவில் ஓடுகிற பள்ளத்தில், இருபது முப்பது மீட்டரில் போடு. பாம்பனோ மீன் மணல் பூச்சியைத் தின்ன அங்கேதான் வரும். இரண்டு பாசித் திட்டுக்கு நடுவே தெளிந்த தண்ணீர் தெரிந்தால் அங்கேயே போடு. மணலைப் பிடித்து நிற்கிற, கம்பிக்கால் வைத்த ஈயம் இதற்குச் சரி. 115 கிராமில் தொடங்கு, நிற்கவில்லை என்றால் 140. உன் ராடு எவ்வளவு தாங்கும் என்று அடிப்பகுதியில் எழுதியிருக்கும், அதைத் தாண்டாதே.

அடியில் உருளுகிற பாசி என்றால் அதே கம்பிக்கால் பகை. பரம்படிப்பது போலப் பாசியை வாரிச் சேர்த்துக்கொள்ளும். கம்பிக்கால் இல்லாத மொட்டை ஈயம் கட்டு. தூண்டில் முள்ளுக்குப் போகிற கிளை நரம்பை ஒரு சாணுக்குள் வை. முள்ளை ஒட்டிச் சின்ன மிதவை ஒன்று போட்டால் இரை தரையை விட்டு எழும்பி நிற்கும். ஈயம் நீரோட்டத்தோடு நகர்ந்தால் நகரட்டும், எடுத்துத் திரும்ப வீசு. இரண்டு விதத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துப் பார்க்காமல் விடாதே.

நரம்பில் ஏறுகிற பாசி வழுக்கிக்கொண்டே இரை வரைக்கும் இறங்கும். மேல் முள்ளுக்கு ஒரு மீட்டர் மேலே ஒரு ஸ்விவல், அதாவது சுழலும் வளையம், கட்டினால் அங்கே நின்றுவிடும், இரை சுத்தமாக இருக்கும். பிரெய்டும் (பின்னல் நரம்பு) லீடரும் (முள் பக்கத்து நரம்பு) சேர்கிற முடிச்சு மெலிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலும் கொத்தாகப் பிடிக்கும். நீ கட்டியிருந்த முடிச்சைப் படத்தில் பார்த்தேன், எஃப்ஜி முடிச்சுதானே? சுத்தமாக இருக்கிறது. வாலை மட்டும் இன்னும் ஒட்ட வெட்டு. கை உனக்குச் சின்ன வயதிலிருந்தே நிதானம். பேச்சுதான் கொஞ்சம் கூட வேண்டும்.

பாரம் ஏறிய நரம்பை ரீலால் இழுக்காதே. ரீலில் நரம்பைப் பிடித்து வைக்கிற டிராகைக் கொஞ்சம் இளக்கு. அலை கரைக்கு வரும்போது அதோடு சேர்ந்து பின்னால் நட. அலை திரும்பும்போது நின்று, தேவைப்பட்டால் நரம்பு விடு. திரும்புகிற அலைக்கு எதிராக இழுத்தால் முடிச்சில்தான் அறும். பாசிக் கொத்து ராடு நுனி வளையத்தில் வந்து முட்டினால் அதற்கு மேல் சுற்றாதே. பின்னாலேயே நடந்து ஈயத்தை மணலுக்குக் கொண்டு வா. பிறகு நரம்பைத் தளர விட்டு உதறு. இறுக்கமாக இருக்கும்வரை பாசி பிடித்துக்கொண்டிருக்கும், தளர்ந்தால் பாதி தானே விழும். பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. விரலை அறுத்துவிடும், தனியாக இருக்கிறவனுக்கு யார் கட்டுப்போடுவது?

தண்ணீருக்குள் இறங்காதே, தம்பி. பாசிக்குள் நீலப் பை மாதிரி மிதக்கிற சொறிமீன் வரும். செத்து மணலில் கிடந்தாலும் அதன் நூல் சுடும். அடியில் திருக்கை கிடக்கிறதா என்று பாசியில் தெரியாது. கரையிலிருந்து கடலுக்கு இழுக்கிற ஓட்டமும் தெரியாது. முழங்காலுக்கு மேல் வேண்டாம்.

அழுகின பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதே. முட்டை அழுகின வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. உன் இழுப்புக்கு ஆகாது. பம்பு பையில் இருக்கிறதா? காற்று வருகிற பக்கமாக எட்டிப் போய் உட்கார்.

கடல் வற்றி முடிகிற நேரத்தை ஒட்டி இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் நல்லது. ஏற்றம் வந்து கரையில் ஒதுங்கிய பழைய பாசியைத் தொட்டால் அது மறுபடி மிதந்து உன் நரம்புக்கே வரும். தென்கிழக்குக் காற்றென்றால் செபாஸ்டியன் முகத்துவாரத்தில் கல்சுவரின் தெற்குப் பக்கம் பாசி அடையும், வடக்கில் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டு பக்கமும் அடைந்திருந்தால் இந்தியன் ரிவர் காயல் பக்கம் போ, அங்கே அலையில்லை. அதுவும் சரியில்லையா, வீட்டுக்குப் போ. மருமகளும் பாப்பாவும் வீட்டில்தானே இருக்கிறார்கள்? பாப்பா குரல் கேட்டு நாளாயிற்று.

மார்ச் முதல் அக்டோபர் வரை அங்கே ஆமை முட்டையிடும் காலம், இரவில் வெள்ளை விளக்கு அடிக்காதே. இரவில் போகவே வேண்டாம். பாம்பனோ வாலின் கவட்டை வரை 11 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிடு, ஆளுக்கு ஆறுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்துத் துடை. கடைசி பத்து மீட்டர் நரம்பை விரலிடுக்கில் ஓட்டிப் பார். பாசியோடு வந்த மணல் அரித்து, சொரசொரப்பாக இருந்தால் வெட்டிப் போடு.

புதிதாக எதுவும் வாங்காதே. 140 கிராம் ஈயமும் ஸ்விவலும் போதும், இப்போதைக்குச் செலவைப் பார்த்துச் செய். ஊரில் நிலத்துக் குத்தகைப் பணம் வந்திருக்கிறது, எங்களுக்கு அதில் வேலையில்லை. உன் பழைய வங்கிக் கணக்கு இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் சொல். தண்ணீரில் இறங்காதே. உங்கள் பகல் எங்கள் இரவு என்று பார்க்காதே, எந்த நேரமும் கூப்பிடு. நாங்கள் விழித்துத்தான் இருக்கிறோம்.

அப்பா